வடகடல் போன பித்தேயாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருநாள் பித்தேயாஸைப் பற்றிப் பேசினேன். அன்று எழுந்த அதே சந்தேகங்களைப் பிறகு பள்ளி மாணவர்கள் கேட்டார்கள், வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

பித்தேயாஸா? பேரே கேள்விப்பட்டதில்லையே. யார் சார் அவர்?

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு கிரேக்கர். ஊர் மஸ்ஸாலியா, அதாவது இன்றைய பிரான்சின் மார்செய் துறைமுகம். கி.மு. 325ஐ ஒட்டிய ஆண்டுகளில் அட்லாண்டிக் கரையோரமாக வடக்கே போனார். பிரிட்டனைச் சுற்றிப் பார்த்தார். அதற்கும் வடக்கே ஆறு நாள் கடல்வழியில் 'தூலே' என்றொரு நிலம் இருக்கிறது, அதற்கு அப்பால் ஒரு நாள் பயணத்தில் கடலே உறைந்து கிடக்கிறது என்று எழுதினார். மத்தியதரைக் கடல் உலகத்துக்கு அதுவரை வடக்கு என்பது வெறும் கதை. அங்கே போய் அளந்து, எண்ணோடு திரும்பி வந்தவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த முதல் ஆள் இவர்தான்.

ஆங்கிலத்தில் 'பிதியஸ்' என்று உச்சரிப்பார்கள். கிரேக்க ஒலிக்குப் 'பித்தேயாஸ்' நெருக்கம் என்பதால் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

மார்செய் பிரான்சுல இருக்கு. அங்க எப்படி ஒரு கிரேக்கர்?

அன்று பிரான்ஸ் என்று ஒரு நாடு கிடையாது. கிரேக்கர்கள் மத்தியதரைக் கடலைச் சுற்றி எங்கெங்கோ ஊர் கட்டிக் குடியேறியவர்கள். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த ஃபோக்கேயா என்ற கிரேக்க ஊர்க்காரர்கள் கி.மு. 600 வாக்கில் மஸ்ஸாலியாவை நிறுவினார்கள். ரோன் ஆற்றின் வாய்க்குப் பக்கத்தில் நல்ல துறைமுகம். உள்நாட்டில் கெல்ட் இன மக்கள். அவர்களுக்கு ஒயின் போகும், அவர்களிடமிருந்து உலோகமும் மற்ற பொருள்களும் வரும். பித்தேயாஸ் பிறந்தபோது அந்த ஊருக்கு வயது இருநூறு ஆண்டுகளுக்கு மேல்.

எதுக்காக இவ்வளவு தூரம் போகணும்? வியாபாரத்துக்கா, சும்மா ஊர் பார்க்கவா?

இரண்டு பொருள்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வெள்ளீயம், ஆம்பர் என்ற கல்லாக இறுகிய மரப்பிசின். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு எதில் செய்வதோ அதே வெள்ளீயம்தான். செம்பு ஒன்பது பங்குக்கு வெள்ளீயம் ஒரு பங்கு சேர்த்தால் வெண்கலம். செம்பு பல இடங்களில் கிடைத்தது, வெள்ளீயம் அபூர்வம். அது வடமேற்கே எங்கோ இருந்து வருகிறது என்பது மட்டும் கிரேக்கர்களுக்குத் தெரியும். பித்தேயாஸுக்கு ஒரு நூற்றாண்டு முந்தைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், வெள்ளீயம் வரும் தீவுகளைத் தனக்குத் தெரியாது என்றும், ஐரோப்பாவுக்கு வடக்கே கடல் இருப்பதாக நேரில் பார்த்த ஒருவரைக்கூடத் தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் வியாபாரி மட்டுமாக இருந்திருந்தால் போகிற இடமெல்லாம் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, பகல் எத்தனை மணி நேரம் என்று பார்க்கத் தேவையே இல்லை. சரக்குக்கு வழி தேடிய ஊரின் பணத்திலோ ஆதரவிலோ போயிருக்கலாம். அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி பூமியை அளந்த மனிதராகத்தான் நான் அவரைப் பார்க்கிறேன்.

அவர் எழுதின புத்தகம் எங்க கிடைக்கும்?

கிடைக்காது. 'பெருங்கடலைப் பற்றி' என்று ஒரு நூல் எழுதினார். அது முழுக்க அழிந்துவிட்டது. பிற்காலத்தவர்கள் அதிலிருந்து எடுத்துச் சொன்ன துண்டுகள் மட்டுமே நம்மிடம் உள்ளன. வானியலாளர் ஹிப்பார்க்கஸ், ரோமானிய அறிஞர் பிளினி, வானியல் ஆசிரியர் ஜெமினஸ் என்று பலர். எல்லாரையும்விட அதிகமாக எடுத்துக்காட்டியவர் புவியியலாளர் ஸ்ட்ராபோ. முசிறியையும் மிளகுக்காகப் போகும் ரோமானியப் பணத்தையும் பற்றி எழுதினாரே, அதே பிளினிதான். செங்கடல் துறைமுகத்திலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போவதாக எழுதிய அதே ஸ்ட்ராபோதான்.

ஸ்ட்ராபோ இவரை மேற்கோள் காட்டியது முழுக்கத் திட்டுவதற்காக. 'பித்தேயாஸ் இப்படிப் புளுகுகிறான் பாருங்கள்' என்று வரி வரியாக எடுத்துப் போட்டார். அந்த வரிகள் இல்லையென்றால் தூலேயின் மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதுகூட நமக்குத் தெரியாமல் போயிருக்கும். ஏன் திட்டினார் என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஜிப்ரால்டரை கார்த்தேஜ்காரங்க அடைச்சு வெச்சிருந்தாங்கன்னு படிச்சேன். அப்ப எந்த வழியா வெளிய போனார்?

ஜிப்ரால்டர் என்பது மத்தியதரைக் கடலிலிருந்து அட்லாண்டிக்குக்குப் போகும் குறுகிய நீரிணை, கார்த்தேஜ் வட ஆப்பிரிக்கக் கரையில் இருந்த வணிக நகரம். அவர் போன வழியில் இரண்டு கருத்து உண்டு. ஸ்ட்ராபோ எடுத்துக்காட்டும் வரிகளில் ஸ்பெயினின் கதீரா, அதாவது இன்றைய காடிஸ், வருகிறது. அதை வைத்து ஜிப்ரால்டர் வழியாகக் கப்பலிலேயே போனார் என்கிறார்கள் ஒரு சாரார். இன்னொரு சாரார், மஸ்ஸாலியாவிலிருந்து மேற்கே ஓட் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகக் குறுக்கே நடந்து கரோன் ஆற்றைப் பிடித்து அட்லாண்டிக் கரைக்குப் போனார், அங்கிருந்து உள்ளூர்ப் படகுகளில் ஏறினார் என்கிறார்கள். இந்த இரண்டாவது வழி வியாபாரிகளுக்கு நன்கு பழக்கமானது.

எப்படிப் போயிருந்தாலும் அவர் குறித்த அடுத்த இடம் தெளிவாக இருக்கிறது. பிரான்சின் வடமேற்கு மூக்கில் இருக்கும் 'உக்ஸிசாமே' தீவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். இன்றைய உஷான் தீவு அது. ஸ்ட்ராபோ இதையும் கற்பனை என்று ஒதுக்கினார். தீவு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

பிரிட்டன்ல அப்படி என்னதான் பார்த்தார்?

முதலில் பெயர். 'பிரெத்தனிகே' என்ற சொல் அவர் நூலின் வழியாகத்தான் கிரேக்கத்துக்குள் நுழைந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. பிரிட்டன் என்று இன்று சொல்கிறோமே, அதன் மூதாதை. தீவு முக்கோண வடிவம், மூன்று முனைகளுக்கும் பெயர் உண்டு: காந்தியோன், பெலேரியோன், ஓர்க்காஸ். காந்தியோன் இன்று கென்ட். பெலேரியோன் தென்மேற்கே கார்ன்வால். ஓர்க்காஸ் வடகோடி, ஆர்க்னி தீவுகளின் பெயரில் இன்னும் ஒலிக்கிறது.

வெள்ளீயம் கார்ன்வாலில் இருந்தது. அந்த மக்கள் அன்னியரோடு அன்பாகப் பழகுவார்கள், வியாபாரிகள் வந்துபோவதால் நாகரிகமானவர்கள் என்கிறது டியோடரஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய பகுதி. பாறைக்குள் ஓடும் மண்நரம்பைத் தோண்டி, உருக்கி, ஆட்டின் கணுக்கால் எலும்பு போன்ற வடிவத்தில் கட்டிகளாக வார்ப்பார்கள். பக்கத்தில் இக்திஸ் என்ற தீவு. கடல் வற்றும்போது நடுவில் தரை தெரியும், அப்போது வண்டிகளில் வெள்ளீயத்தை ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வியாபாரிகள் அங்கே வாங்கி, கடலைக் கடந்து, குதிரை முதுகில் முப்பது நாள் நடத்தி ரோன் ஆற்று வாய்க்குக் கொண்டுவருவார்கள். டியோடரஸ் இங்கே பித்தேயாஸின் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் அடிப்படை அவருடையதே என்று பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள். கார்ன்வாலில் செயின்ட் மைக்கேல்ஸ் மவுன்ட் என்ற குன்றுத்தீவு இருக்கிறது. இன்றும் கடல் வற்றினால் கல் பாவிய பாதையில் நடந்தே போகலாம், ஏறினால் படகுதான். இக்திஸ் அதுதான் என்று சொல்பவர்கள் பலர்.

திசைகாட்டி கிடையாது, கடிகாரம் கிடையாது. எவ்வளவு வடக்கே வந்திருக்கோம்னு அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பதில்: ஒரு கம்பும் அதன் நிழலும். மனை கோலும்போது திசை பார்க்க நடுவில் 'சங்கு' நடுவார்கள், பார்த்திருப்பீர்கள். கிரேக்கர்கள் அதையே 'நோமோன்' என்றார்கள். ஆண்டின் மிக நீண்ட பகல் அன்று நண்பகலில் கம்பின் உயரத்தையும் நிழலின் நீளத்தையும் ஒப்பிட்டால் சூரியன் உச்சியிலிருந்து எத்தனை பாகை விலகி நிற்கிறது என்று தெரியும். வடக்கே போகப் போக நிழல் நீளும்.

மஸ்ஸாலியாவில் அவர் அளந்த எண் பிழைத்திருக்கிறது: கம்பு 120 பங்கு என்றால் நிழல் 41 4/5 பங்கு. அந்த ஐந்தில் நான்கு பங்கைக்கூட விடவில்லை பாருங்கள். இன்றைய கணக்கில் போட்டால் சூரியனின் விலகல் 19.2 பாகை. அந்தக் காலத்தில் பூமி அச்சின் சாய்வு சுமார் 23.7 பாகை. இரண்டையும் கூட்டினால் ஊரின் அட்சரேகை கிடைக்கும்: 42.9. நிழலின் நுனியை உண்டாக்குவது சூரிய வட்டத்தின் மேல் விளிம்பு, நடுப்புள்ளி அல்ல. அதற்காகக் கால் பாகை சேர்த்தால் 43.2. மார்செயின் உண்மையான அட்சரேகை 43.3. ஒரு கம்பை வைத்து, 2,300 ஆண்டுகளுக்கு முன்பு. வகுப்பில் இந்தக் கூட்டலைப் பலகையில் போடும்போதெல்லாம் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

வடக்கே இருந்து வந்த எண்கள் வேறு வகை. குளிர்கால மிகக் குறுகிய பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் எத்தனை 'முழம்' உயரும் என்று ஹிப்பார்க்கஸ் ஒரு வரிசை தருகிறார்: 9 முழம், 6 முழம், 4 முழம், கடைசியில் 3க்கும் குறைவு. இதன் மூலம் பித்தேயாஸ் என்று கருதப்படுகிறது. வானத்தை அளக்கும்போது ஒரு முழம் 2 பாகை. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 48, 54, 58, 60க்கு மேல் என்ற அட்சரேகைகள் கிடைக்கின்றன. பிரான்சின் பிரித்தானி, வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்தின் வடமுனை, ஷெட்லாண்ட் தீவுகள். ஒரு பயணம் படிப்படியாக வடக்கே ஏறுவது எண்ணிலேயே தெரிகிறது.

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? துருவ நட்சத்திரத்தைப் பார்த்தா போதாதா?

அன்று துருவத்தில் நட்சத்திரம் இல்லை. பூமியின் அச்சு ஒரு பம்பரம் போல மெல்லத் தலைசுற்றுவதால் துருவப் புள்ளி நூற்றாண்டுகளில் இடம் மாறும். இன்றைய துருவ நட்சத்திரம் அப்போது துருவத்திலிருந்து 12 பாகைக்கு மேல் தள்ளி இருந்தது. துருவப் புள்ளி வெறுமையானது, பக்கத்தில் உள்ள மூன்று நட்சத்திரங்களோடு சேர்ந்து அது ஏறக்குறைய ஒரு நாற்கோணம் அமைக்கிறது என்று முதலில் சொன்னதே பித்தேயாஸ்தான். ஹிப்பார்க்கஸ் இதைச் சொல்லிவிட்டு, அவர் சொன்னது சரி என்றும் எழுதியிருக்கிறார்.

கடல் ஏறி வற்றுறதைப் பெரிசா எழுதினாராமே. அது கடற்கரைக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?

மத்தியதரைக் கடல்காரர்களுக்குத் தெரியாது. அங்கே பெரும்பாலான கரைகளில் ஓதம் ஓரடிக்கு மேல் ஏறாது. நம் மெரினாவிலும் ராமேஸ்வரத்திலும் சின்ன ஏற்றம்தான். பிரிட்டனின் மேற்குக் கரையில் பிரிஸ்டல் கால்வாயில் பெரும் ஓதம் 14 மீட்டர் வரை ஏறும். நாலு மாடி வீட்டு உயரத்துக்குக் கடல் வந்து ஆறு மணி நேரத்தில் திரும்பப் போவதைப் பார்த்த மனிதர் எழுதாமல் எப்படி இருப்பார்?

அவர் வெறுமனே வியந்து நிற்கவில்லை. ஓதத்தை நிலவின் வளர்ச்சி, தேய்வோடு சேர்த்துச் சொன்னார். கிரேக்க எழுத்தில் இந்தத் தொடர்பு வரும் மிகப் பழைய இடங்களில் ஒன்று அது. அதே ஆண்டுகளில் அலெக்சாண்டரின் படகுகள் சிந்து நதியின் கழிமுகத்தில் நின்றன. தண்ணீர் வற்றிப் படகுகள் சேற்றில் உட்கார்ந்தபோது வீரர்கள் மிரண்டு போனார்கள். உலகின் இரண்டு எதிர்ப்பக்கங்களில் கிரேக்கர்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பெருங்கடலின் மூச்சைக் கண்டார்கள்.

தூலேன்னா ஐஸ்லாந்துதானே? யூடியூப்ல அப்படித்தான் சொல்றாங்க.

ஐஸ்லாந்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது தூரம். பிரிட்டனிலிருந்து வடக்கே ஆறு நாள், பிறகு ஒரு நாளில் உறைகடல் என்பது வரைபடத்தில் பொருந்தும். ஆனால் ஸ்ட்ராபோ எடுத்துக்காட்டும் இன்னொரு பகுதியைப் படியுங்கள். வடகோடி மக்கள் தினை வகைத் தானியம், கீரை, பழம், கிழங்கு சாப்பிடுகிறார்கள். தானியமும் தேனும் கிடைக்கும் இடத்தில் அவற்றிலிருந்து பானம் காய்ச்சுகிறார்கள். தெளிந்த வெயில் இல்லாததாலும் மழையாலும் திறந்த களத்தில் போரடிக்க முடியாது, கதிர்களைப் பெரிய கட்டடங்களுக்குள் கொண்டுபோய் அங்கேதான் அடித்துத் தூற்றுகிறார்கள்.

களத்துமேட்டில் மழை வந்து நெல்லை அள்ளிக்கொண்டு ஓடியவர்களுக்கு இந்த வரி எவ்வளவு உண்மையானது என்று உடனே புரியும். நாற்காலியில் உட்கார்ந்து கட்டிய கதையில் இப்படியொரு விவரம் வராது. சரி, அந்த மக்கள் ஐஸ்லாந்தில் இருந்தார்களா? அங்கே மனிதர்கள் நிலையாகக் குடியேறியது கி.பி. 9ஆம் நூற்றாண்டில். பித்தேயாஸ் காலத்தில் தானியம் அடிக்க அங்கே கைகள் கிடையாது. நார்வேயின் மேற்குக் கரையில், இன்றைய ட்ரோன்ட்ஹெய்ம் பக்கம், உழவர்கள் இருந்தார்கள். துருவப் பயணி நான்சன் 1911இல் நார்வே என்றே வாதிட்டார். ஷெட்லாண்ட், ஃபாரோ தீவுகள் என்று சொல்பவர்களும் உண்டு. என் வாக்கு நார்வேக்குத்தான், அந்தக் கூரைக் களஞ்சியங்களுக்காக.

நாங்கள் நோர்வேயில இருக்கிறம். இஞ்ச யூன் மாதத்தில இரவே இல்லாத மாதிரித்தான் இருக்கும். அதைத்தானே அவரும் சொன்னவர்?

ஆமாம், அதையேதான். ஜெமினஸ் அவருடைய சொந்த வார்த்தையை எடுத்துத் தருகிறார்: சூரியன் எங்கே போய்ப் படுக்கிறது என்று அந்த ஊர் மக்கள் எங்களுக்குக் காட்டினார்கள், அந்த இடங்களில் இரவு மிகக் குறுகியது, சில இடங்களில் இரண்டு மணி நேரம், சில இடங்களில் மூன்று, சூரியன் மறைந்த சிறிது நேரத்திலேயே மறுபடி எழுந்துவிட்டது. இரவு இரண்டு மூன்று மணி நேரம் என்றால் 64, 65 பாகை அட்சரேகையை ஒட்டி. ட்ரோன்ட்ஹெய்மும் அதற்குச் சற்றே வடக்கும். முந்தைய பதிலோடு சேர்த்துப் பாருங்கள்.

'காட்டினார்கள்' என்ற சொல்லை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கடலோரத்தில் யாரோ ஒரு கிழவர் கையை நீட்டி, அதோ அந்த மலைக்குப் பின்னால் என்று சொல்லியிருக்க வேண்டும். தெற்கிலிருந்து வந்தவர் அந்தக் கையின் திசையைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். சூரியன் மறையவே மறையாத நாளைப் பற்றியும் அவர் பேசுகிறார். தூலேயில் கோடைக்காலச் சூரியனின் பாதை முழுவதும் அடிவானத்துக்கு மேலேயே இருக்கும் என்று வானியல் மொழியில் சொல்கிறார். அதை நேரில் பார்த்தாரா, கணக்கிலிருந்து சொன்னாரா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை.

'கடல் நுரையீரல்'னு ஏதோ எழுதியிருக்காராம். அது என்ன பிதற்றல்?

பிதற்றல் இல்லை. கிரேக்க மொழியில் 'கடல் நுரையீரல்' என்றால் சொறிமீன், ஜெல்லி மீன் என்கிறோமே அது. தண்ணீரில் குடை போல விரிந்து சுருங்கி மூச்சுவிடுவது போல நகரும் அல்லவா? அதனால் அந்தப் பெயர். வடகோடியில் நிலமும் இல்லை, கடலும் இல்லை, காற்றும் இல்லை. மூன்றும் கலந்து கடல் நுரையீரல் போன்ற ஒன்று இருக்கிறது. அதன்மேல் நடக்கவும் முடியாது, கப்பல் விடவும் முடியாது. இதுதான் அவர் எழுதியது.

கடல் உறையத் தொடங்கும்போது முதலில் கஞ்சி போலக் குழம்பும். அப்புறம் அலை ஆட்டத்தில் வட்ட வட்டத் துண்டுகளாகும். ஒன்றோடொன்று உரசுவதால் விளிம்பு தூக்கிக்கொள்ளும், ஆப்பத்தை வரிசையாகப் பரப்பியது போல. அடியில் அலை போகும்போது அந்தப் பரப்பு முழுவதும் மெல்ல உயர்ந்து தாழும். மேலே மூடுபனி. அதை ஒரு தடவைகூடப் பார்க்காத கிரேக்கர்களுக்கு எப்படிச் சொல்வது? அவர்களுக்குத் தெரிந்த ஒரு உயிரைச் சொல்லிப் புரிய வைத்தார். இதில் நேர்மையும் உண்டு: நுரையீரல் போன்ற அந்தப் பொருளைத் தான் பார்த்ததாகவும், மற்றவை கேட்டறிந்தவை என்றும் பிரித்துச் சொன்னார். ஸ்ட்ராபோவே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆம்பர்னா திமிங்கலம் கக்குறதுதானே, செய்தியில பிடிபட்டதா வருமே?

அது வேறு. செய்தியில் வருவது அம்பர்கிரீஸ், திமிங்கலத்தின் குடலில் உண்டாவது. இங்கே ஆம்பர் என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரப்பிசின் கல்லாக இறுகியது. தேன் நிறம், கையில் எடுத்தால் லேசு. கிரேக்கத்தில் 'எலெக்ட்ரோன்'. தேய்த்தால் துரும்பை இழுக்கும், மின்சாரத்துக்கான மேலை மொழிச் சொல்லே அதிலிருந்துதான் வந்தது.

பித்தேயாஸ் சொன்னதாகப் பிளினி தருவது: ஜெர்மானியக் கரையிலிருந்து ஒரு நாள் பயணத்தில் அபாலஸ் என்ற தீவு. வசந்த காலத்தில் அலைகள் ஆம்பரைக் கரையில் ஒதுக்கும். மக்கள் அதை விறகுக்குப் பதிலாக எரிப்பார்கள், பக்கத்தில் வாழும் டியூட்டன் என்ற மக்களுக்கு விற்பார்கள். ஆம்பர் உண்மையிலேயே நன்றாக எரியும்.

ஆனா ஸ்ட்ராபோ, பொலிபியஸ் ரெண்டு பேரும் பெரிய அறிஞர்கள். அவங்களே பொய்யர்னு சொல்லியிருக்காங்களே?

சொன்னார்கள், கடுமையாகவே. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கேட்ட கேள்வி: தனி மனிதன், அதிலும் ஏழை, இவ்வளவு தூரம் எப்படிக் கப்பலிலும் காலாலும் போக முடியும்? இன்னொன்றும் சொன்னார். சிப்பியோ என்ற ரோமானியத் தலைவர் மஸ்ஸாலியா, நார்போ, கோர்பிலோ ஆகிய ஊர்க்காரர்களிடம் பிரிட்டனைப் பற்றி விசாரித்தபோது யாராலும் உருப்படியாக எதுவும் சொல்ல முடியவில்லை. எனக்கு இது பித்தேயாஸுக்கு எதிரான சாட்சியாகத் தோன்றவில்லை. வெள்ளீய வழியில் பிழைக்கும் வியாபாரி ஒரு ரோமானியப் படைத்தலைவரிடம் தன் சரக்கு வரும் இடத்தைச் சொல்வானா?

ஸ்ட்ராபோவின் சிக்கல் வேறு. அவர் மனதில் இருந்த பூமியில் குளிரால் வாழவே முடியாத ஒரு மண்டலம் இருந்தது, அதன் எல்லை அயர்லாந்து. அயர்லாந்தையே பிரிட்டனுக்கு வடக்கே வைத்திருந்தார், அங்கேயே மக்கள் பாடாய்ப்பட்டு வாழ்கிறார்கள் என்று நம்பினார். அப்படியிருக்க அதற்கும் வெகு வடக்கே தானியம் அடிக்கும் மக்கள் இருக்கிறார்கள் என்றால் பொய் என்றுதானே முடிவு கட்டுவார்? அவர் வடக்கே போனதில்லை. அதே ஸ்ட்ராபோ, வானியலும் கணக்கும் சார்ந்த விஷயங்களில் இவர் சொன்னது பொருந்தி வருவதாகத் தோன்றுகிறது என்று ஓரிடத்தில் ஒத்துக்கொள்கிறார். நட்சத்திரங்களை அறிந்தவர்கள், குறிப்பாக ஹிப்பார்க்கஸ், அவரை நம்பி எண்களை எடுத்துப் பயன்படுத்தினார்கள். பூமியின் சுற்றளவைக் கணித்த எரடோஸ்தனிஸும் நம்பினார்.

சரி, ஆனா அவர் சொன்ன தூரமெல்லாம் தப்புதானே? ஓதம் 80 முழம்னு கூட இருக்கே?

தப்புதான், மறைக்க வேண்டியதில்லை. பிரிட்டனின் சுற்றளவு 40,000 ஸ்டேடியாவுக்கு மேல் என்றார். ஒரு ஸ்டேடியா சுமார் 160 முதல் 185 மீட்டர் வரை. கப்பலில் தூரத்தை அளக்கக் கருவி இல்லாத காலம். இத்தனை நாள் ஓடினோம், ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தால் 1,000 ஸ்டேடியா என்று மாலுமிகள் மதிப்பிடுவார்கள். காற்று எதிர்த்து வளைந்து போனாலும் நாள் எண்ணிக்கை ஏறும், தூரமும் ஏறும். பிரிட்டனின் பக்கங்களுக்கு டியோடரஸ் தரும் எண்கள் 7,500, 15,000, 20,000. அளவு பெருத்தாலும் பக்கங்களின் விகிதம் ஓரளவு சரியாகவே இருக்கிறது.

80 முழ ஓதம் பிளினி வழியாக வருகிறது. அது 35 மீட்டருக்கு மேல், அவ்வளவு உயரத்துக்கு எங்கும் ஓதம் ஏறாது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள நீரிணைகளில் புயலும் நீரோட்டமும் மோதி எழுப்பும் அலையை யாரோ ஓதத்தோடு குழப்பியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: வானத்தைப் பார்த்துச் சொன்னதில் அவர் நம்பகமானவர், நாளை எண்ணிச் சொன்ன தூரத்தில் பெருக்கம் உண்டு.

தூலேங்கிற பேர் இப்ப எங்கயாவது இருக்கா?

நிறைய. ரோமானியக் கவிஞர்களுக்குத் 'தூலே' உலகின் கடைக்கோடிக்கே மறுபெயர் ஆனது. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் பிரிட்டனைச் சுற்றிவந்த ரோமானியக் கப்பல்படை, ஏதோ ஒரு நிலத்தைத் தொலைவில் பார்த்துத் தூலே என்றது, பெரும்பாலும் ஷெட்லாண்ட். 1879இல் ஸ்வீடனின் வேதியியலாளர் கிளேவே கண்டுபிடித்த தனிமத்துக்குத் தூலியம் என்று பெயர். 1910இல் வடமேற்கு கிரீன்லாந்தில் வணிக நிலையம் ஒன்றுக்கும் தூலே என்று வைத்தார்கள். நிலவில் ஒரு பள்ளத்துக்குப் பித்தேயாஸ் என்றே பெயர். ஓதத்தை நிலவோடு சேர்த்துப் பார்த்தவருக்கு அது பொருத்தமான இடம்.

நீங்க சொன்ன கம்பு விஷயத்தை எங்க பசங்களை வெச்சு செஞ்சு பார்க்கலாமா?

கட்டாயம் செய்யுங்கள். ஜூன் 21 அன்று 120 செ.மீ. கம்பு ஒன்றைச் சமதரையில் செங்குத்தாக நடுங்கள். தூக்குக்குண்டு கட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், சாய்ந்தால் எல்லாம் கெட்டுவிடும். பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸ் புள்ளி வையுங்கள். மதுரையில் 12.20ஐ ஒட்டியும் சென்னையில் 12.10ஐ ஒட்டியும் நிழல் மிகக் குட்டையாகும். அதுதான் உண்மையான நண்பகல்.

ஒரு எச்சரிக்கை: நம் ஊரில் அன்று நிழல் தெற்கே விழும், ஏனென்றால் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அதனால் பித்தேயாஸ் கூட்டிய இடத்தில் நாம் கழிக்க வேண்டும். மதுரையில் நிழல் ஏறத்தாழ 29 செ.மீ. வரும். 29ஐ 120ஆல் வகுத்துக் கோணத்துக்கு மாற்றினால் 13.6 பாகை, இன்றைய அச்சுச் சாய்வு 23.4லிருந்து கழித்தால் 9.8. மதுரையின் அட்சரேகை 9.9. சென்னையில் நிழல் சுமார் 22 செ.மீ. டொராண்டோவில் இருப்பவர்களுக்கு வடக்கே சுமார் 44 செ.மீ., ஏறக்குறைய மார்செயின் நிழல். அங்கே கோடைக் கடிகாரப்படி மதியம் 1.20க்கு அளக்க வேண்டும். ஓஸ்லோவில் 89 செ.மீ. வரும். மேகம் வந்து கெடுத்துவிட்டால் அடுத்த நாள் அளங்கள், அந்த வாரம் முழுவதும் நிழல் அதிகம் மாறாது.